மதுரைக் குன்றுகளுக்கு ஒரு நடைவழி

கடலோரப் பாறை முகட்டில் நாள் முழுக்க நடந்து பார்க்க ஆசைப்படும் தமிழர்கள் வர்க்கலைக்குப் போகிறார்கள். வாய்ப்பு உள்ளவர்கள் திருகோணமலைக்குப் போய், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் விளிம்பிலிருந்து கீழே கொந்தளிக்கும் கடலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர் நீளம் இருந்தும் அதில் பெரும்பகுதி தாழ்ந்த மணற்கரைதான். செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் அந்தச் சிலிர்ப்பை நம் கடல் அதிகம் தருவதில்லை.

அதை மதுரைச் சமவெளி தருகிறது. நகரத்துக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை, வடகிழக்கே யானைமலை, அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், கீழவளவு. ஒவ்வொன்றும் வயலும் கண்மாயும் விரிந்த தரையிலிருந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நேராக எழும் மொட்டைப் பாறை. பெரிய உயரம் இல்லை. ஆனால், ஏறி விளிம்புக்கு வந்தால் காலடியில் பாறை சட்டென்று முடிந்துவிடும். அதற்குக் கீழே தென்னந்தோப்பும் நெல்வயலும், ஐப்பசி மழைக்குப் பிறகு என்றால் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிக் கிடக்கும் கண்மாய்களும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரியும். காற்று கடற்கரைக் காற்றுபோலவே ஆளைத் தள்ளும்.

இந்தப் பாறைகளை இணைத்து, எவரும் ஒரு நாளில் நடந்துவிட்டு வரக்கூடிய முறையான நடைவழி இன்றுவரை இல்லை. அதை ஏற்படுத்த வேண்டும், அதுவும் அந்தந்த ஊர் மக்களின் கையில் இருக்கும்படி ஏற்படுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. இது சுற்றுலாவை வளர்ப்பதற்கான யோசனை மட்டும் அல்ல. கடந்த பதினைந்து ஆண்டுகளில் மதுரைப் பாறைகளைக் காப்பாற்றியதில் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அவற்றின் மீது நடந்த கால்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

சமணர் மலையில் இருந்து தொடங்கலாம். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், தேனி சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது கீழக்குயில்குடி. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், விழுதுவிட்ட ஆலமரங்கள். விடியும் முன்பே ஏறத் தொடங்கிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடேறிவிடும்; பங்குனி, சித்திரையில் என்றால் அதற்கும் முன்பே கால் வைக்க முடியாது. மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு. இயற்கையான குகை, அதன் வாசலருகே பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட பெரிய மகாவீரர். நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் அவரை ஊர்மக்கள் செட்டியார் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். உள்ளே வளைந்த கூரைப் பகுதியில் ஐந்து சிற்பங்கள். அவற்றில் ஒன்று, சிங்கத்தின் மீது அமர்ந்து, யானை மேல் வரும் வீரனை எதிர்த்துப் போரிடும் இயக்கி. ஒரு கை அகலப் பாறைப்பரப்பில் இவ்வளவு வேகத்தைச் செதுக்கிய சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் என வரிசையாகச் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில், இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார், அவர் யாருடைய மாணவர் என்ற விவரங்கள். இன்னும் மேலே ஏறினால் கோயில் ஒன்றின் அடித்தளம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. மாதேவிப் பெரும்பள்ளி என்று கல்வெட்டு சொல்லும் இடம் அது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பள்ளி நடந்திருக்கிறது, வெளியூர்களிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் வந்திருக்கிறார்கள். உச்சியில் கன்னடக் கல்வெட்டுகூட உண்டு.

இவ்வளவும் இரண்டு, மூன்று மணி நேர நடையில் அடங்கிவிடும்.

யானைமலை வேறு விதம். மேலூர் சாலையில் போகிற எவரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. படுத்திருக்கும் யானையின் உருவம் அப்படியே தெரியும். அதன் அடியில் நரசிங்கம் ஊரில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. கலியாண்டு 3871 என்று கல்வெட்டு தேதியே சொல்கிறது, அதாவது கி.பி. 770. அருகில் முருகனுக்கான லாடன் கோயில் என்னும் குடைவரை. மலைமேல் கற்படுக்கைகளும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகளும் உள்ளன. யானையின் பெயராலேயே குன்றை அழைக்கும் வழக்கம் அந்த எழுத்துகளின் காலத்திலேயே வந்துவிட்டது.

ஆனால், ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டுமானால் போக வேண்டிய இடம் அரிட்டாபட்டிதான். மேலூர் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால், ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். முதலில் கழிஞ்சமலையின் மேற்குச் சரிவில் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். கருவறைக்கு வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். பாசுபத சைவத்தின் முதன்மை ஆசிரியரான இலகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும். குன்றைச் சுற்றி மறுபுறம் நடந்தால் சமணர் குகை. அங்கே நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைக் குடைவித்துக் கொடுத்தார் என்று சொல்லும் தமிழிக் கல்வெட்டு. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பெருமழையில் நின்று பார்த்தால் தெரியும்: தண்ணீர் அந்தக் காடிவரை வந்து, திரைபோல வெளியே விழும். உள்ளே படுக்கைகள் நனையாது. எழுத்துகள் இன்றும் தப்பி நிற்பதற்கு அந்தக் காடிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதே குன்றில், பிற்காலத்தில் அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் இருக்கிறது. அதன் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறது: இந்தத் திருமேனி பாதிரிக்குடி ஊராரின் காவலில் இருக்கும். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்பத்தைச் செய்துவைத்தவர், அதைக் காக்கும் பொறுப்பை அரசனிடமோ அதிகாரியிடமோ விடாமல் பக்கத்து ஊர்க்காரர்களிடம் விட்டுப்போயிருக்கிறார். அந்த ஏற்பாடு சரியானது என்பதை அண்மைக் காலம் நிரூபித்தது.

அரிட்டாபட்டியிலிருந்து குன்றோரமாகவே நடந்தால் மீனாட்சிபுரம் வந்துவிடும். கல்வெட்டு அறிஞர்கள் மாங்குளம் என்று எழுதுவது இந்த மலையைத்தான். 1882இல் ராபர்ட் சீவெல் இங்கிருந்த எழுத்துகளைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அவை தமிழ் என்று நிறுவ, 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் வர வேண்டியிருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், அவனுடைய அலுவலன் கடலன் வழுதியின் பெயரும், வெள்ளறையைச் சேர்ந்த வணிகக் குழுவினர் அளித்த கொடையும் இந்தப் பாறையில் பதிவாகியிருக்கின்றன. சங்கப் பாடல்களில் மட்டுமே கேட்டிருந்த பாண்டியர் பெயர் ஒன்றைக் கல்லில் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நிற்பது எளிய அனுபவம் அல்ல. ஏறும் வழியில் நெருஞ்சியும் கிளுவையும் காலைப் பிடிக்கும். மேலே போனதும் அதெல்லாம் மறந்துபோகும்.

பாறையை வெறும் கல் என்று பார்ப்பவர்களுக்குத் தண்ணீரைத்தான் காட்ட வேண்டும். மொட்டைப் பாறையில் விழும் மழை உறிஞ்சப்படுவதில்லை. பள்ளங்களில் சுனையாகத் தேங்கியது போக மிச்சம் வடிந்து, ஓடைகளில் இறங்கி, அடிவாரக் கண்மாய்க்குப் போகிறது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிரம்பும். தமிழ்நாடு அரசின் கணக்குப்படி அரிட்டாபட்டிக் குன்றுகளைச் சார்ந்து 72 நீர்நிலைகளும் 200 ஊற்றுகளும் மூன்று தடுப்பணைகளும் உள்ளன. பாறையை வெட்டி எடுத்துவிட்டால் அந்த நீர்வரத்து எங்கே போகும்? குவாரி தோண்டிய இடங்களில் நூறடிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் எந்த மடையிலும் ஏறாது, எந்த வயலுக்கும் பாயாது.

மேலூர் வட்டாரம் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. இங்கு கிடைக்கும் வெளிர்நிறக் கல் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. வெளிநாட்டுச் சமையலறை மேடைகளில் கீழவளவும் கீழையூரும் பலகைகளாகக் கிடக்கின்றன. 2012இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, கிரானைட் முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். கண்மாய்கள், ஓடைகள், பாசன வாய்க்கால்கள் எனப் பலவும் குவாரிகளின் கழிவுக் கற்களுக்கு அடியில் புதைந்த கதை அந்த விசாரணையில் வெளிவந்தது. கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்: சிற்பமும் கல்வெட்டும் உள்ள பாறை தப்பி நிற்கிறது, அருகில் கேக்கை வெட்டியதுபோல நேர்கோடாக அறுபட்ட பாறைச் சுவர்கள்.

சட்டம் சிற்பத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காக்கிறது. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் மத்திய அரசு காக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று வகுக்கின்றன. நல்லதுதான். ஆனால், குன்று என்பது ஒரு சிற்பத்தோடு முடிகிற பொருள் இல்லை. அதன் சுனை ஒரு மூலையில், வல்லூறின் கூடு இன்னொரு மூலையில், ஊரின் முனியாண்டி கோயில் மற்றொரு மூலையில் இருக்கும். வட்டத்துக்கு வெளியே இருப்பதை யார் காப்பது?

நடந்தவர்கள் காத்தார்கள் என்பதுதான் மதுரையின் பதில். யானைமலையைச் சிற்பக் கலைநகரம் ஆக்கும் யோசனை அரசுத் தரப்பில் பேசப்பட்டபோது அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நடக்கவில்லை. அந்தச் சூழலில்தான் 2010இல் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்து ‘பசுமை நடை’ தொடங்கியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை, ஒரு குன்று. கூட வரும் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் அங்கேயே நின்று கல்வெட்டைப் படித்துக் காட்டுவார்கள். பிறகு மரத்தடியில் எல்லோருமாகக் காலை உணவு. கட்டணம் கட்டி வரும் சுற்றுலா அல்ல அது. குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், உள்ளூரிலேயே இருந்தும் மலை ஏறியிராத பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். மதுரை என்றால் மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் மட்டும் என்று நினைத்திருந்த ஒரு தலைமுறைக்கு, நகரத்தைச் சுற்றி இரண்டாயிரம் ஆண்டு எழுத்துகள் இருக்கின்றன என்பதைக் கால்நடையாகச் சொல்லிக்கொடுத்தது அது. ஒரு குன்றை ஏறிப் பார்த்துவிட்டவர், நாளை அதன் மீது வெடிவைக்கப்போகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகமாட்டார்.

அது 2024இல் தெரிந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலப்பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்திருந்தது. சுமார் 250 பறவை இனங்கள் அங்கு பதிவாகியுள்ளன. அவற்றில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிப் பருந்து என மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள். எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பர் 7 அன்று, இந்தத் தலத்தின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வாகியிருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

அதே நவம்பர் 23 அன்று அரிட்டாபட்டி கிராமசபை கூடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. சுற்றியுள்ள ஊர்களும் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களை மறுஆய்வு செய்யலாம் என்று டிசம்பர் கடைசியில் ஒன்றிய அரசு சொன்னபோது மக்கள் ஏற்கவில்லை. மலையைத் துண்டு போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். கிழவிகள், விவசாயிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். யானைமலையை ஒட்டி, மேலூர் சாலை நிறைய மக்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டது.

கட்சிகள் பங்கு கேட்டுக்கொண்டன. அது போகட்டும். நடந்தவர்கள் ஊர் மக்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு கல்வெட்டு ஒப்படைத்த காவலை அவர்கள் நிறைவேற்றினார்கள்.

இங்கிலாந்திலும் கதை இப்படித்தான் போகிறது. அங்கே தென்மேற்குக் கடற்கரையில் மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம்வரை கடற்பாறைகளின் விளிம்பிலேயே 1,014 கிலோமீட்டர் நீளும் நடைபாதை இருக்கிறது. கடத்தல்காரர்களைக் கண்காணிக்கக் கடலோரக் காவலர்கள் ஒவ்வொரு வளைவையும் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்த தடம்தான் பின்னாளில் பொதுமக்களின் பாதை ஆனது. பாதை உரிமை அங்கே தானாக வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில், பிரபுக்களின் வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த வேலியைத் தாண்டி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைவழிகளுக்கும் சட்டம் வந்தது. இன்று அந்தக் கடற்கரைப் பாதையில் எவரும் புதிதாக ஒரு சுவர் எழுப்பிவிட முடியாது. தினமும் அதன் மீது நடக்கிறவர்களே முதல் சாட்சி.

நாம் பார்த்து எச்சரிக்கை கொள்ள வேண்டிய இடம் வர்க்கலை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் சின்னம் என்று அறிவித்த செம்பாறைக் குன்று அது. அதன் விளிம்பிலேயே விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் வரிசை கட்டிவிட்டன. பாறையின் தலையில் பாரமும் கழிவுநீரும் ஏறின; சரிவுகள் இடிந்து விழுவது வாடிக்கையாகிவிட்டது. நடக்க வந்தவர்களுக்கு என்று கட்டியது, நடக்க இருந்த இடத்தையே தின்கிறது. மதுரைக் குன்றுகளுக்கு வழி கேட்கும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: சிமென்ட் படி வேண்டாம், ரோப் கார் வேண்டாம், உச்சியில் செல்ஃபி மேடை வேண்டாம், இரவு முழுக்க எரியும் வண்ண விளக்குகள் வேண்டவே வேண்டாம்.

என்ன வேண்டும் என்பது சிறிய பட்டியல்தான். ஏற்கெனவே ஆட்டுக்காரர்களும் விறகு பொறுக்குபவர்களும் போய்வந்த ஒற்றையடித் தடங்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்து, வருவாய்த் துறை வரைபடத்தில் பொதுப்பாதையாகப் பதிய வேண்டும். இது முக்கியம், பதிவில் இல்லாத பாதை குவாரி உரிமம் வழங்கும் கோப்பில் தெரியவே தெரியாது. கல்வெட்டு உள்ள இடங்களில் அது என்ன சொல்கிறது என்பதை நல்ல தமிழில் எழுதிய பலகை வேண்டும். ‘பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை’ என்று மட்டும் எழுதிய பலகையைப் படித்துவிட்டு யாருக்கும் அன்பு பிறக்காது. அடிவாரத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும். பெண்கள் ஒரு நாள் நடைக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் கழிப்பறை இல்லாததுதான். காலை முதல் பேருந்து விடியும் நேரத்துக்கு ஊருக்குள் வந்தால் போதும்.

வழிகாட்டிகள் அந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். எங்கே பாசி பிடித்து வழுக்கும், எந்தப் புடவின் மேல் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது, எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றம் என்ற சொல்லையே அஞ்சிக்கொண்டிருந்த அரசு, 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை முறைப்படுத்தி, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இணையத்தில் முன்பதிவு வைத்துத் திறந்தது. ஆனால், அவை வனத்துறையின் காடுகளில் செல்பவை. மேலூர்ப் பாறைகளில் பல புறம்போக்கு நிலத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் தொல்லியல் துறை, ஒரு பக்கம் வருவாய்த் துறை, ஒரு பக்கம் கனிமவளத் துறை. மூன்று துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும்.

கூட்டம் வந்தால் பாறை கெடாதா என்ற கேள்வி நியாயமானது. கெடும். கற்படுக்கைகளில் காதலர்களின் பெயர்கள் ஏற்கெனவே கீறப்பட்டிருக்கின்றன. எண்ணெய்ப் பெயின்ட்டில் கட்சிச் சின்னமும், குகைக்குள் உடைந்த மதுப்புட்டிகளும் புதிய காட்சி அல்ல. ஆனால், இவற்றைச் செய்தவர்கள் பாதை போட்டதால் வந்தவர்கள் அல்ல. யாரும் வரமாட்டார்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிச்சலில் வந்தவர்கள். காலையில் ஒரு குழு, வழிகாட்டியோடு, எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துப் போகிற மலையில் அந்தத் துணிச்சல் குறையும். வல்லூறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அந்தச் சரிவுகளை மூடிவிட வேண்டும். மூடுவதையும் திறப்பதையும் ஊரே முடிவு செய்ய வேண்டும்.

ஊர் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் கம்பி வேலி வந்தால் முதலில் வெளியே நிற்பது ஆடு மேய்க்கிறவர்தான் என்பது கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பாரம்பரியத் தலத்தை உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டுதான் அறிவிக்க வேண்டும், அறிவிப்பால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று அதன் 37ஆவது பிரிவு சொல்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க 41ஆவது பிரிவு வழிசெய்கிறது. நடைவழியின் நிர்வாகத்தை அந்தக் குழுவிடமே கொடுக்கலாம். நடக்க வருகிறவர் தரும் சிறு தொகை வழிகாட்டிக்கும், மகளிர் குழு ஆக்கிப்போடும் கம்பங்கூழுக்கும் பணியாரத்துக்கும், கண்மாய் வரத்துக்கால் சீரமைப்புக்கும் போகட்டும். மேய்ச்சல் உரிமையும் சாமி கும்பிடும் உரிமையும் எழுத்தில் இருக்கட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் இந்தக் குன்றுகளில் ஒன்றிலாவது ஏறியிருக்க வேண்டும். தமிழி எழுத்தைப் பாடநூலின் மங்கலான படத்தில் பார்ப்பதற்கும், அரிட்டாபட்டிக் குகையில் அண்ணாந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஆசிரியரும் விளக்கிச் சொல்லிவிட முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பேருந்து பிடிக்கும் பள்ளிகள், அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சமணர் மலையை விட்டுவைத்திருப்பது வருத்தத்துக்குரியது.

டங்ஸ்டன் ஏலம் ரத்தாகிவிட்டது என்பதால் பாறைகள் என்றென்றைக்கும் தப்பிவிட்டன என்று பொருள் இல்லை. பாறைக்கு அடியில் கனிமம் அப்படியே இருக்கிறது. உலகச் சந்தையில் அதற்குத் தேவையும் இருக்கிறது. பாரம்பரியத் தலம் என்ற பாதுகாப்பு 193 ஹெக்டேருக்கு மட்டும்தான். ஏலத்தில் விடப்பட்ட மற்ற 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கும், அதற்கு வெளியே இருக்கும் கீழவளவுக்கும் கருங்காலக்குடிக்கும் அந்தக் கவசம் இல்லை. இன்னொரு கோப்பு வருவதற்கு முன்னால் இந்தக் குன்றுகளில் மக்கள் நடந்து பழகியிருக்க வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபைகள் கூடும். சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட அதே சபைகள், எங்கள் குன்றில் எங்கள் பொறுப்பில் பொது நடைவழி வேண்டும் என்று அடுத்த தீர்மானத்தைப் போட வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதை ஏற்று, முதல் கட்டமாக அரிட்டாபட்டி முதல் மீனாட்சிபுரம் வரையிலான தடத்தை அளந்து பதிவு செய்ய வேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மார்கழியும் தையும் நடக்கத் தோதான மாதங்கள். விடியும் முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டு அழைத்துக்கொண்டு ஏறுங்கள், கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள், சிற்பத்தின் மீது கை வைக்காதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.